பழவேற்காட்டுக் கரையும் மூன்று நோய்ப் பெயர்களும்

1. ஆய்வின் நோக்கம்

ஒரு நோய்க்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர், அந்நோயைப் பற்றி அவர்கள் கொண்டுள்ள கருத்தின் சுருக்கம் எனலாம். பெயர் பொருளோடு பொருந்துமாயின் அது நோயுற்றாரை உரிய காலத்தில் மருத்துவரிடம் செலுத்தும். பொருந்தாதாயின் அவரை வீட்டிலேயே இருத்திவிடும். ஆதலின் நோய்ப் பெயர்களின் வரலாறு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. உயிர்காக்கும் முயற்சியோடும் தொடர்புடையது.

தமிழ்நாட்டில் இன்று ஒன்றோடொன்று சேர்த்துப் பேசப்படும் நோய்கள் மூன்று உள. அவை ஒற்றைத் தலைவலி, இரத்தக் கொதிப்பு, பக்கவாதம் என்பன. கொதிப்பு ஏறினால் தலை வலிக்கும், தலைவலி முற்றினால் வாதம் அடிக்கும் என்பது பொதுமக்கள் பலர் கொண்டுள்ள கருத்து. இக்கருத்தில் மெய்யும் பிழையும் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்துக் காண்பதற்குச் சொல்வரலாறு துணைசெய்யும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுக்கு நிலைக்களமாகப் பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவர் குப்பங்கள் கொள்ளப்படுகின்றன. இம்மூன்று நோய்களோடும் தொடர்புடைய உப்பு, கதிரவன் வெம்மை, இரவுழைப்பு, மருத்துவமனைக்கும் ஊருக்கும் உள்ள இடைத்தொலைவு ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த இடம் அது. மேலும், அக்கரையின் வரலாறு உலக மருத்துவ வரலாற்றோடு எதிர்பாராத ஓரிடத்தில் வந்து கூடுகின்றது. அதனையும் உரிய இடத்திற் காண்போம்.

2. கரையும் குப்பங்களும் உப்பும்

பழவேற்காடு, சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில் அமைந்தது. அங்குள்ள உவர்நீர் ஏரி, சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிற் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. ஸ்ரீஹரிகோட்டைத் தீவு ஏரியையும் கடலையும் பிரித்து நிற்கின்றது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர்ந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் புகுந்து கலக்கின்றது.

இவ்வேரியின் கரையிலுள்ள கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் முதலிய ஊர்களில் 'பாடு' என்னும் முறை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. மீன் மிகுதியாகப் படும் இடங்களை ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. பாடு என்னும் சொல்லுக்குத் தமிழில் பங்கு, உழைப்பு, துன்பம் எனப் பல பொருள்கள் உண்டு. அம்மூன்றும் இக்கரையில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. தமக்குரிய முறை இரவில் வரின் இரவெல்லாம் நீரில் நிற்றல் வேண்டும். மீனைத் தலையிற் சுமந்து விற்கச் செல்லும் பெண்டிர்க்கு வெயிலும் காலந்தாழ்ந்த உணவும் நாளும் உள்ளவை. உறக்கக்கேடு, பசி, கூசும் வெயில் ஆகிய மூன்றும் ஒற்றைத் தலைவலியைத் தூண்டுவன என்பது இன்றைய மருத்துவர் பலரும் ஒப்புவது.

நெய்தல் நிலத்துக்கும் உப்புக்கும் உள்ள உறவு சங்கச் செய்யுட்களால் நன்கு விளங்கும். நெல்லுக்கு உப்பை மாற்றிய உமணர் வாழ்க்கை அகப்பாட்டுக்களிற் பலவிடத்தும் பேசப்படுகின்றது. நற்றிணையின் 45ஆம் பாட்டில், சுறாமீன் உணக்கலைப் பறவைகள் கவராமற் காக்கும் பரதவர் மகளைக் காண்கின்றோம். மீனை உலர்த்திக் காத்துவைக்கும் தொழில் இக்கரைகளில் இரண்டாயிரம் ஆண்டுகளாக இடையறாது வருவது என்பதற்கு அப்பாட்டு ஒரு சான்று. உப்பின் அளவைப் பற்றிய நுண்ணுணர்வும் பழந்தமிழர்க்கு இருந்தது. திருக்குறளில் புலவி என்னும் அதிகாரத்தில், ஊடல் அளவோடு இருத்தல் வேண்டும் என்பதற்கு உணவில் அமையும் உப்பையே வள்ளுவர் உவமையாக்கினார். சிறிது மிகினும் கெடும் பொருளுக்கு உப்பினும் சிறந்த உவமை கிடைத்தல் அரிது.

பிற்காலத்தில் உப்பு அரசியற் பொருளாயிற்று. 1805இல் சென்னை மாகாணத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் உப்பைத் தமக்கே உரிய தனிவணிகமாக்கினர். மறு ஆண்டில் பேசில் காக்கரேன் என்பார் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டுவித்த கால்வாயே பின்னர்ப் பழவேற்காட்டு ஏரியோடு இணைந்து பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்றது. உப்பு விலை ஏறியதனால் மீனை உணக்கும் தொழில் நலிந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய மீன்வளத்தை ஆராய்ந்த பிரான்சிசு டே என்பார் இந்நலிவை அரசுக்கு எடுத்துரைத்தார். அதன் பயனாக மீன் உணக்கும் களங்கள் அமைக்கப்பட்டு, வரி நீங்கிய உப்பு அங்கு வழங்கப்பட்டது. உப்பு அரியதாயிருந்த காலத்தில் விலையே அதற்கு ஒரு வரம்பாய் நின்றது. இன்றோ உப்பினும் மலிவான பொருள் கடையில் இல்லை, வரம்பும் இல்லை.

3. பெயர் பெற்ற இரு நோய்கள்

ஒற்றைத் தலைவலி என்னும் பெயர் நோயின் இடத்தைச் சுட்டி எழுந்தது. தலையின் ஒரு பக்கத்தே வருவதாதலின் அப்பெயர் பெற்றது. ஆயுர்வேத நூல்கள் கூறும் அர்த்தாவபேதகம் என்பதற்குப் பாதியைப் பிளப்பது என்பது பொருள். கிரேக்க மருத்துவராகிய கேலன் இதனை அரைத்தலை நோய் என்னும் பொருள்பட எமிகிரானியா என்றார். அச்சொல்லே இலத்தீன் வழியாகச் சிதைந்து பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மைக்ரேன் ஆயிற்று. தமிழர், வடமொழியாளர், கிரேக்கர் ஆகிய மூவரும் பாதி என்னும் ஒரே கருத்தினை அடியாகக் கொண்டு பெயரிட்டமை நோக்கற்பாலது. இதனை ஒருவரிடமிருந்து ஒருவர் கடன்கொண்டனர் என்று துணிய வேண்டுவதில்லை. கண்ட குறி ஒன்றேயாதலின் கருத்தும் ஒன்றாயிற்று எனக் கொள்ளுதலே அமையும்.

பக்கவாதமும் அத்தகையதே. உடலின் ஒரு பக்கம் செயலிழப்பதால் அது பக்கவாதம். வடமொழிப் பார்சுவம் என்பது பாரிசம் எனத் தமிழில் வழங்குதலின் பாரிசவாயு எனவும்படும். வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்றங்களுள் வளியின் கேட்டால் வருவன எனச் சித்த மருத்துவ நூலார் எண்பது நோய்களை வகுத்தனர். உடல் அசைவு அனைத்தையும் வளியின் தொழிலாகக் கொண்டமையால், அசைவொழிதலும் அதன் கேடாயிற்று. மக்கள் வழக்கில் 'வாதம் அடித்தது', 'கைகால் இழுத்துக்கொண்டது' என்பர். ஆங்கிலத்தில் வழங்கும் ஸ்ட்ரோக் என்னும் சொல்லின் பொருளும் அடி என்பதே. கிரேக்கரின் அப்போப்பிளெக்சி என்பதும் அடித்து வீழ்த்துதலையே குறித்தது. திடீரென வந்து வீழ்த்தும் நோய்க்கு எம்மொழியாரும் அடியையே உவமையாகக் கண்டனர்.

ஒற்றைத் தலைவலி உடையாருள் ஒரு சாரார்க்கு, வலி தோன்றுமுன் கண்முன் கோணல்மாணலான ஒளிக்கீற்றுக்கள் படரும். பார்வையின் ஒரு கூறு மறையும். சிலர்க்குக் கை மரத்துப்போம். இம்முன்னுணர்வை மேலை மருத்துவர் ஆரா என்பர். அது மென்காற்று என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். முதற்கண் வலிப்பு நோயின் முன்னுணர்வுக்கு வழங்கிப் பின்னர் இதற்கும் வந்தது. நம்மவர் வளி என்றதும் அவர் மென்காற்று என்றதும் ஒத்திருத்தல் இன்பம் பயப்பதே. எனினும் சொல்லொப்புமை மருத்துவச் சான்றாகாது. மூளையின் புறப்பகுதியில் நரம்பணுக்களின் செயல் அலைபோலப் பரவி அடங்குதலே இம்முன்னுணர்வுக்குக் காரணம் என்பது இன்றைய அறிவு. அவ்வலையைப் பிரேசில் நாட்டு ஆய்வாளராகிய லியோ என்பார் விலங்கின் மூளையில் முதன்முதல் கண்டு 1944இல் வெளியிட்டார்.

4. பெயர் பெறாத நோய்

வலியை உணரலாம், செயலிழந்த கையைக் காணலாம். ஆதலின் அவ்விரண்டும் தொன்றுதொட்டே பெயர் பெற்றன. குருதியின் அழுத்தமோ உணரப்படுவதுமன்று, காணப்படுவதுமன்று. அளந்தாலன்றி அறியப்படாத பொருளுக்கு அளவுகருவி தோன்றுமுன் பெயர் தோன்றுதல் இயலாது. மூன்று நோய்களுள் இடைநின்ற இது மட்டும் பழைய பெயர் பெறாமைக்கு இதுவே காரணம்.

இக்கருவியின் வரலாறு பழவேற்காட்டின் வரலாற்றோடு காலத்தால் ஒட்டிச் செல்கின்றது. டச்சுக்காரர் 1610இல் இங்கு வணிக உரிமை பெற்று 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரை முழுதுக்கும் அவர்தம் தலைமையிடமாக அது 1690 வரை விளங்கியது. அவ்வாண்டில் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறிற்று. இந்த எண்பதாண்டுக்குள்தான் ஐரோப்பாவில் மூன்று பெருநூல்கள் வெளிவந்தன. 1628இல் ஆர்வி என்பார் குருதி சுற்றியோடுதலை நிறுவினார். 1658இல் சுவிட்சர்லாந்தின் வெப்ஃபர் என்பார், அடித்து வீழ்த்தும் நோயால் இறந்தார் மூளையை அறுத்து நோக்கி, அங்குக் குருதி கசிந்திருத்தலைக் காட்டினார். 1664இல் வில்லிசு என்பார் மூளையின் அடியில் வளையமாக அமைந்த குருதிக் குழாய்களை விளக்கினார். பக்கவாதம் மூளைக் குழாய்களின் நோய் என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. ஆனால் குழாய் ஏன் வெடித்தது, ஏன் அடைபட்டது என்னும் வினாவுக்கு விடை இல்லை.

1733இல் ஏல்சு என்னும் ஆங்கிலப் பாதிரியார், குதிரையின் நாடியிற் கண்ணாடிக் குழாயைப் பொருத்திக் குருதி எட்டடிக்கு மேலும் எழுந்ததைக் கண்டு எழுதினார். இஃது உயிருள்ள மாந்தர்க்குச் செய்யத்தக்க சோதனையன்று. 1870களில் இலண்டன் கைசு மருத்துவமனையில் பிரெடரிக் அக்பர் மகமது என்னும் இளம் மருத்துவர், மணிக்கட்டு நாடியின் துடிப்பை வரைந்து காட்டும் கருவியைத் திருத்தி அமைத்தார். அவர் பாட்டனார் பாட்னாவில் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய சேக் தீன் மகமது ஆவர். சிறுநீரக நோய் தோன்றுமுன்னரும், நோயேதும் இல்லாதார் போல நடமாடுவாரிடத்தும் குருதி அழுத்தம் மிக்கிருத்தல் உண்டு என்பதை அவர் கண்டறிந்தார். உணரப்படாத நோய் ஒன்று உண்டு என்னும் கருத்து உலகிற்கு அவராற் கிடைத்தது. 1896இல் இத்தாலியின் ரீவா-ரோச்சி கைப்பட்டைக் கருவியை அமைத்தார். 1905இல் உருசிய நாட்டுக் கொரோத்கோவ் நாடியின் ஒலிகேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். இன்று பழவேற்காட்டில் செவிலியர் ஒருவர் கையில் பட்டை சுற்றும்போது செய்வது இவ்விருவர் முறையையே.

தமிழில் மேலை மருத்துவத்தை எழுதிய முன்னோடியாகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் செய்து, தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்துப் பல நூல்களை மொழிபெயர்த்தார். அவரும் அக்பர் மகமதுவும் 1884ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். கைப்பட்டைக் கருவி தோன்றியது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. ஆகவே குருதி அழுத்தத்தை ஒரு தனிநோயாகத் தமிழிற் பெயரிடும் தேவை கிறீனுக்கு எழவில்லை எனக் கொள்ளலாம். அப்பணி 20ஆம் நூற்றாண்டிற்கு எஞ்சியது. மக்களோ அறிஞர் சொல்லாக்கத்தை எதிர்நோக்கி நில்லாது, தமக்குத் தெரிந்த சொல்லால் அதனை இரத்தக் கொதிப்பு என்றனர்.

5. ஒரு வேர் நடந்த வழி

முன்னர்ச் சுட்டிய வரலாற்றுக் கூட்டத்தை ஈண்டுக் காண்போம். பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர் ஏற்றுமதி செய்த துணிகள் கிழக்கே மலுக்குத் தீவுகளுக்குச் சென்று நறும்பொருள்களுக்கு மாற்றப்பட்டன. அத்தீவுகளுள் ஒன்றாகிய அம்போனில் அதே கம்பெனியின் பணியில் இருந்தவர் ரும்பியசு என்னும் செடிநூல் அறிஞர். 1670இல் கண்ணொளி இழந்தும் தம் பணியை விடாது, அவர் எழுதி முடித்த பெருநூல் அவர் மறைவுக்குப் பின்னர் 1741 முதல் அச்சேறியது. பாம்பு நஞ்சுக்கு மருந்தாகக் கொள்ளப்பட்ட வேர் ஒன்று அந்நூலில் இடம்பெற்றது. நம் நாட்டில் சர்ப்பகந்தி என வழங்குவது அதுவே.

1931இல் வங்கத்து மருத்துவர்களாகிய கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போசும் இவ்வேர் மனநோய்க்கும் குருதி அழுத்தத்துக்கும் பயன்படுதலை எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சித்திக்கி உடன்பிறந்தார் இதிலிருந்து காரப்பொருள்களைப் பிரித்தனர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளர்களிடம் கண்ட பயனை ஆங்கிலேயர்தம் இதய மருத்துவ இதழில் வெளியிட்டபோது மேலைநாட்டார் விழித்தெழுந்தனர். 1952இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ரிசர்ப்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. குருதி அழுத்தத்துக்கு உலகெங்கும் வழங்கப்பட்ட முதல் மருந்துகளுள் அது ஒன்று.

இவ்வேரே குருதி அழுத்தத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் இடையே எதிர்பாராத ஒரு வாயிலையும் திறந்தது. 1960களில், ஒற்றைத் தலைவலி உடையார்க்கு ரிசர்ப்பினை ஊசிவழிச் செலுத்தியபோது அவர்தம் வழக்கமான வலி தோன்றியதை ஆய்வாளர் கண்டனர். அம்மருந்து உடலிலுள்ள சிரோட்டோனின் என்னும் பொருளைக் குறைப்பது. அதனால் அப்பொருளுக்கு இந்நோயில் பங்குண்டு என்பது புலனாயிற்று. பின்னாளில் ஒற்றைத் தலைவலிக்கென்றே அமைந்த மருந்துகள் இவ்வழியிலேயே பிறந்தன. அழுத்தத்தைத் தாழ்த்திய மருந்து தலைவலியை எழுப்பிற்று என்னும் இவ்வொரு செய்தியே, அழுத்தம் ஏறினாற்றான் தலை வலிக்கும் என்னும் பொதுக் கருத்து முழுதும் பொருந்தாது என்பதைக் காட்டப் போதியது.

இதற்கு மறுதலையான செய்தியும் உண்டு. 1960களின் முற்பகுதியில் ஜேம்சு பிளாக் என்பாரின் குழுவினர் ஆக்கிய புரோப்ரனலால் நெஞ்சுவலிக்கும் குருதி அழுத்தத்துக்கும் உரியதாக வந்தது. 1966இல் நெஞ்சுவலிக்காக அதனை உண்ட ஒருவர்க்கு நெடுநாளைய ஒற்றைத் தலைவலி தணிந்தது தற்செயலாக அறியப்பட்டது. அன்று தொட்டு அஃது இரு நோய்க்கும் வழங்கப்படுகின்றது.

6. மூன்றற்கும் உள்ள உண்மைத் தொடர்பு

இனி, இந்நோய்களின் உறவைப் பற்றி இன்றைய மருத்துவம் கூறுவனவற்றைத் தொகுத்து நோக்குவோம்.

முதலாவது, குருதி அழுத்தத்துக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்கு இடமற்றது. பக்கவாதத்துக்குரிய காரணங்களுள், மாற்றக்கூடியனவற்றுள் முதன்மையானது மிகுந்த அழுத்தமே. அமெரிக்கத் தலைவர் ரூசுவெல்டுக்கு 1944 மார்ச்சில் 186/108 ஆக இருந்த அழுத்தம், 1945 ஏப்ரல் 12ஆம் நாளன்று 300/190ஐ எட்டியது. அன்று தலையின் பின்புறம் கடுவலி என்று கூறிய அவர் சிறிது பொழுதில் மூளையிற் குருதி கசிந்து இறந்தார். உலகிற் சிறந்த மருத்துவ வசதி பெற்றிருந்தவர்க்கும் அக்காலத்தில் கொடுக்கத்தக்க மருந்து இல்லை. இன்று அது சிற்றூர்ச் சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றது.

இரண்டாவது, அழுத்தத்துக்கும் தலைவலிக்கும் உள்ள தொடர்பு மக்கள் கருதும் அளவினதன்று. 180/120ஐக் கடந்து திடீரென ஏறும் நிலையில் தலை வலித்தல் உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட அழுத்தம் பெரும்பாலார்க்கு எந்தக் குறியையும் காட்டாது, ஆண்டுக்கணக்கில் குழாய்களைத் தடிப்பித்து நலிவிக்கும். ஒற்றைத் தலைவலியோ மிகப் பரவலானது. 2015இல் வெளியான பெங்களூர் வட்டார ஆய்வொன்று, ஓராண்டுக்குள் நான்கில் ஒருவர்க்கு அது இருந்ததாகக் கண்டது. இவ்வளவு பரவிய இரு நோய்கள் ஒருவரிடமே அமைதல் இயல்பு. உடனிருத்தலாற் காரணகாரியம் ஆகிவிடாது.

மூன்றாவது, ஒற்றைத் தலைவலிக்கும் பக்கவாதத்துக்கும் ஒரு நேர்த்தொடர்பு உண்டு. ஆயின் அது வரையறைக்குட்பட்டது. முன்னுணர்வோடு கூடிய ஒற்றைத் தலைவலி உடையார்க்கு, மூளைக் குழாய் அடைபடும் வகைப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏனையோரினும் ஏறத்தாழ இருமடங்கு. 45 வயதுக்குட்பட்ட பெண்டிரிடத்து இது மிகுதியும் காணப்படுகின்றது. புகைபிடித்தலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் சேரின் இன்னும் மிகும். இளையோர்க்குப் பக்கவாதம் அரிதாதலின், இருமடங்கும் சிறிய எண்ணே. ஆகவே அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் அத்தகையார் தம் அழுத்தத்தை அளந்து அறிந்திருத்தல் கடமை. குழாய்களைச் சுருக்கும் இயல்புடைய எர்கோட்டமின் முதலிய தலைவலி மருந்துகள் அழுத்தம் கட்டுப்படாதார்க்கு ஆகா என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

7. கொதிப்பு என்னும் சொல்

மேற்கூறியவற்றை மனத்துட்கொண்டு இரத்தக் கொதிப்பு என்னும் பெயரை நோக்குவோம். கொதித்தல் வெப்பத்தின் தொழில். சினத்தையும் அது குறிக்கும். இரத்தம் கொதிக்கின்றது என்றால் சினம் மூண்டது என்பதே பொருள். எனவே இப்பெயர் மூன்று கருத்துக்களைக் கேட்போர் உள்ளத்தில் விதைக்கின்றது. இந்நோய் சினமுடையார்க்கு வருவது. வந்தால் தலைவலியாலோ படபடப்பாலோ தானே உணரப்படும். குளிர்ச்சியானவற்றை உண்டால் தணியும் என்பன அவை. மூன்றும் பொருந்தா. அமைதியே உருவானார்க்கும் அழுத்தம் மிகும், அது தானே உணரப்படாது, குளிர்ச்சியாற் குறையாது.

மூன்றாவது கருத்து கரையூர்களில் தனித் தீங்கு விளைக்க வல்லது. கொதிப்பைத் தணிக்க எண்ணுவோர் உப்பிட்ட மோரையும் நீராகாரத்தையும் நாடுதல் இயல்பு. அவற்றுக்குத் துணையாக வருவது பெரும்பாலும் கருவாடு. நோய்க்கு மருந்தென எண்ணிக் கொள்வதே நோயை வளர்க்கும் உப்பாகின்றது. உப்புக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைப் பாரிசு நகரில் அம்பார், போசார் என்பார் 1904இலேயே எழுதினர். பின்னர் லூயி டால் என்னும் அமெரிக்கர் பல மக்களினங்களை ஒப்பிட்டு, மிகுந்த உப்பும் உப்பிட்ட மீனும் உண்ட வட சப்பானியரிடத்து அழுத்தமும் மிக்கிருத்தலைக் காட்டினார். அந்நாட்டார் 1960கள் முதல் உப்பைக் குறைத்து, அழுத்தத்தை அளந்து, மருந்தும் கொண்டமையால் அங்குப் பக்கவாதச் சாவு பெரிதும் வீழ்ந்தது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று.

வெயிலில் வியர்வை சொரிய உழைப்பார்க்கு உப்பு மிகுதியாக வேண்டாவோ எனின், வியர்வையில் இழப்பதை ஈடுசெய்ய நாட்டுணவில் உள்ள உப்பே பெரும்பாலார்க்குப் போதும் என்க. மீன் உண்பது தீதோ எனின், பசுமீன் தீதன்று, நன்றே. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கும் வழக்கம் நம் அடுக்களைகளில் உள்ளது. மணலை நீக்குவதற்காகச் செய்யப்படும் அது உப்பின் ஒரு பகுதியையும் நீக்குவது, ஆதலின் போற்றத்தக்கது.

இனி, வழக்குச் சொற்களைப் பற்றி ஒன்று கூறவேண்டும். கடற்கரையூர்களிலும் பிறவிடங்களிலும் மக்கள் இன்று பிரஷர் என்றும் பி.பி. என்றும் கூறுகின்றனர். தூய தமிழை விரும்புவார்க்கு இது வருத்தம் தரலாம். ஆயினும் பொருள்நோக்கில் ஆராயின், பிரஷர் என்னும் கடன்சொல் அளக்கப்படும் ஒன்றைக் குறிக்கின்றது; கொதிப்பு என்னும் சொல் உணரப்படும் ஒன்றைக் குறிக்கின்றது. நோயின் இயல்புக்குக் கடன்சொல்லே அணித்து. இதற்குத் தீர்வு கடன்சொல்லை வெறுத்துக் கொதிப்புக்கு மீளுதலன்று. குருதி அழுத்தம் என்னும் பொருத்தமான சொல் நம்மிடம் உள்ளது. குருதி சங்க காலந்தொட்டு வழங்குவது. அழுத்தம் ஐயமின்றிப் பொருளை உணர்த்துவது. பாட நூலிலும் கலைச்சொல் தொகுதியிலும் இருக்கும் அச்சொல்லை மருந்துச் சீட்டிலும் வானொலியிலும் ஊர்க்கூட்டத்திலும் வழங்கச் செய்தல் வேண்டும்.

8. அளவும் காலமும்

பக்கவாதம் தமிழ்நாட்டில் முறையாக எண்ணப்பட்டது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே. 1970இல் வெளிவந்த வேலூர் ஆய்வு, இலட்சம் பேரில் ஏறத்தாழ 57 பேர் பக்கவாதத்தால் தாக்குண்டு வாழ்வதாகக் கணக்கிட்டது. 2020இல் தமிழ்நாடு முழுதும் நடந்த கணக்கெடுப்பில், வயதுவந்தாருள் மூன்றில் ஒருவர்க்கு அழுத்தம் மிக்கிருத்தல் தெரிந்தது. அவர்களுள் அது கட்டுக்குள் இருந்தோர் பத்தில் ஒருவரினும் குறைவு. மருந்து மலிந்த நாளில் இந்நிலை ஏன் எனின், தம் நோயை அறியாமையும், அறிந்தாரும் வலி இல்லை என மருந்தை நிறுத்துதலும் பெருங்காரணங்களாம். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழ்நாட்டரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், இக்காரணம் பற்றியே அழுத்தத்தை வீட்டு வாயிலில் அளந்து மருந்தையும் அங்கேயே கொடுக்க முற்பட்டது. உணரப்படாத நோயாளி மருத்துவரைத் தேடி வாரார். மருத்துவமே அவரைத் தேடிச் செல்லல் வேண்டும். பெயரிலேயே இவ்வுண்மையை உடையது அத்திட்டம்.

காலம் என்பதும் ஈண்டுக் கருதற்பாலது. குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்தில், அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தின் செயலிழந்த கைகால் மீளும் வாய்ப்புண்டு. குழாய் வெடித்துக் கசிந்த நிலையில் அம்மருந்து கேடு விளைக்கும். ஆதலின் தலையைப் படமெடுத்து நோக்கியபின்னரே செலுத்துவர். அவ்வசதி சிற்றூர்ச் சுகாதார நிலையங்களில் இல்லை. பழவேற்காட்டிலிருந்து சென்னைப் பெருமருத்துவமனைக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஏரி நடுவே இருக்கம் போன்ற தீவூர்களுக்கு நெடுங்காலம் படகே வழியாயிருந்தது. முகம் ஒரு பக்கம் கோணுதல், தூக்கிய கை தாழ்தல், பேச்சுக் குழறுதல், முன்பறியாத கடுந்தலைவலி நொடியில் தோன்றுதல் ஆகியவற்றைக் கண்டதும் எண்ணெய் தேய்த்தலிலும் விடியட்டும் எனக் காத்திருத்தலிலும் பொழுது கழியுமாயின் நான்கரை மணி படகிலேயே தீர்ந்துவிடும். பாடு முறையில் தத்தம் நேரத்தை நாழிகை பிசகாது காக்கும் ஊரார்க்கு, இவ்வொரு நேரக் கணக்கைக் கற்பித்தல் அரிதன்று.

9. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவாற்றான் அறியப்படுவன இவை. ஒற்றைத் தலைவலியும் பக்கவாதமும் கண்டும் உணர்ந்தும் இட்ட பெயர்கள். அவை பொருந்தி நிற்கின்றன. குருதி அழுத்தம் அளந்தே அறியப்படுவது. அதற்கு மக்கள் இட்ட கொதிப்பு என்னும் பெயர், உணரப்படும் நோய்களின் வரிசையில் அதனைச் சேர்த்துவிட்டது. அதனால் தலைவலி இல்லாதார் தமக்கு நோயில்லை என இருந்துவிடுகின்றனர். தலைவலி உடையார் வலி நீங்கியதும் நோய் நீங்கிற்று என்கின்றனர். பக்கவாதத்துக்கு வழிகோலும் நோய் இவ்விரு சாராரிடத்தும் மறைந்து வளர்கின்றது.

நோயின் முதலை நாடுக என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் கற்பிக்கும் நெறி. பக்கவாதத்தின் முதல்களுள் தலையாயது தன்னைக் காட்டிக்கொள்ளாத ஒன்றாக இருத்தலின், அதனை நாடும் வழி அளத்தல் ஒன்றே. தமிழ் கற்பார் இதற்குச் செய்யத்தக்க பணி சிறிதாயினும் உறுதியானது: கொதிப்பு என்னுமிடத்து அழுத்தம் என்று எழுதுதலும், வலி இல்லையாயினும் அளந்து பார்க்க என்னும் தொடரை அதனோடு சேர்த்து வழங்குதலும் ஆம்.